ஒரே கல்லில் மூன்று உடல்கள்

மைக்கலாஞ்சலோவுக்குப் பிறகு இத்தாலியின் பெரிய சிற்பி யார்? அவருடைய படைப்புகளில் எதை முதலில் பார்க்க வேண்டும்?

ஜாம்போலோஞா. 1529இல், இன்று பிரான்ஸில் உள்ள துவே நகரில் பிறந்த ஃபிளெமிஷ்காரர். ரோமில் பழஞ்சிற்பங்களைப் பயின்றுவிட்டு ஊர் திரும்பும் வழியில் ஃபுளோரன்ஸில் தங்கினார். மெதிசி அரச குடும்பத்தின் சிற்பியாகி, 1608இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார்.

முதலில் பார்க்க வேண்டியது, ஃபுளோரன்ஸின் லோஜியா தெய் லான்ட்ஸி மண்டபத்தில் 1583இல் நிறுவப்பட்ட 'சபைன் பெண் கவரப்படுதல்'. நான்கு மீட்டருக்கும் உயரமான ஒரே பளிங்குக் கல்லில் மூன்று உடல்கள்: கீழே ஒடுங்கிய முதியவர், நடுவில் இளைஞன், அவன் தூக்கிய பெண். உடல்கள் திருகிக்கொண்டே மேலேறுவதால் இதற்கு முன்பக்கம் என்று ஒன்று இல்லை. சுற்றி நடந்தால்தான் முழுதும் புலப்படும். திறமையைக் காட்டவே செதுக்கப்பட்ட உருவங்கள் இவை. தலைப்பு பின்னரே சூட்டப்பட்டது. மைக்கலாஞ்சலோகூட இப்படியொரு சிற்பத்தை முடித்துத் தரவில்லை.

வெண்கலத்தில் அவருடைய உச்சம் 'மெர்க்குரி'. காற்றுத் தேவனின் மூச்சின்மேல் ஒற்றைக் கால் ஊன்றிப் பறக்க எழும் அந்த உருவம் ஃபுளோரன்ஸின் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பொலோஞாவின் நெப்டியூன் நீரூற்றுச் சிலைகளும் அவர் கைவண்ணமே. அவருக்குப் பின் மெதிசி சிற்பியானவர் அவருடைய மாணவர் பியெத்ரோ தாக்கா.