பூட்டிக் கிடக்கும் இடத்தைச் சோதிக்க யார் பணம் தருவது?



மூடிப்போன தொழிற்சாலை, பாழடைந்த பெட்ரோல் பங்க், கைவிட்ட சுரங்கம். இந்த மாதிரி இடங்களைப் பார்த்தால் புல்லும் முள்ளும்தான் தெரியும். மண்ணுக்குள் விஷம் இருக்கா, இல்லையான்னு கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சோதித்தால்தான் தெரியும். சோதிக்கப் பணம் வேண்டும். அந்தப் பணத்தை யார் தருவது? இதைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

பிச்சர் என்ற ஊர்

அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தில் பிச்சர் என்று ஒரு சிற்றூர். அங்கே பூமிக்கு அடியில் காரீயமும் துத்தநாகமும் தோண்டினார்கள். தாது எடுத்தபிறகு மிஞ்சிய கல்தூளை ஊருக்குள்ளேயே மலை மலையாகக் குவித்தார்கள். சுரங்கங்கள் 1970-க்குள் மூடப்பட்டன. குவியல்கள் மட்டும் அப்படியே கிடந்தன. பிள்ளைகள் அதன்மேல் ஏறிச் சறுக்கி விளையாடினார்கள்.

1983-ல் அரசு அந்தப் பகுதியை ஆபத்தான இடங்களின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் முதலில் கவனித்தது தண்ணீரைத்தான். 1990-களில் குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தபோது, ஏறக்குறைய மூன்றில் ஒரு குழந்தைக்குக் காரீயம் அளவுக்கு மேல் இருந்தது! காரீயத்துக்கு வாசனை கிடையாது. தூசியாகக் கையில் ஒட்டி, வாய் வழியாக உள்ளே போய், சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். கடைசியில் மக்களுக்குப் பணம் கொடுத்து வெளியேற்றினார்கள். 2009-ல் பிச்சர் நகராட்சியே கலைக்கப்பட்டது.

மண்ணை முதலிலேயே சோதித்திருந்தால் எத்தனை பிள்ளைகள் தப்பித்திருப்பார்கள்!

சோதனை எப்படி நடக்கும்?

காய்ச்சல் என்று போனால் டாக்டர் முதலில் விசாரிப்பார், பிறகுதான் ரத்தம் எடுக்கச் சொல்வார். இதுவும் அப்படித்தான், இரண்டு கட்டம்.

1. முதல் கட்டத்தில் தோண்ட மாட்டார்கள். பழைய பத்திரம், வரைபடம் பார்ப்பார்கள். அங்கே முன்பு என்ன நடந்தது என்று பெரியவர்களைக் கேட்பார்கள். இடத்தைச் சுற்றிப் பார்ப்பார்கள்.
2. சந்தேகம் வந்தால் இரண்டாம் கட்டம். மண், நிலத்தடி நீர் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்.

கிராமத்துக்கு ஏன் அரசுப் பணம்?

நகரத்தில் நிலத்துக்கு விலை அதிகம். வாங்குகிறவரே செலவு செய்து சோதிப்பார். கிராமத்தில் சோதனைச் செலவு நிலத்தின் விலையையே தாண்டிவிடலாம். அதனால் யாரும் தொட மாட்டார்கள். இடம் அப்படியே கிடக்கும், ஆடு மேயும், பிள்ளைகள் விளையாடும்.

இதற்காக அமெரிக்காவில் 2002-ல் ஒரு சட்டம் வந்தது. மாசு இருக்கலாம் என்ற சந்தேகத்தால் பயன்படாமல் கிடக்கும் இடத்தை அங்கே ‘பிரவுன்ஃபீல்டு’ என்பார்கள். அதைச் சோதிக்க ஊராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்புகளுக்கும் பழங்குடி மக்களின் அரசுகளுக்கும் மத்திய அரசு மானியம் தருகிறது. மாசுபடுத்தியவருக்கு அந்தப் பணம் கிடையாது. 2021-ல் வந்த இன்னொரு சட்டம், சோதிக்கவும் சுத்தம் செய்யவும் 150 கோடி டாலர் ஒதுக்கியது.

நம் நாட்டில்?

இந்தியாவிலும் 2025 ஜூலையில் மாசடைந்த இடங்களுக்கான விதிகள் வந்துவிட்டன. உள்ளாட்சி அமைப்போ மாவட்ட நிர்வாகமோ, தானாகவோ மக்களின் புகாரைக் கேட்டோ, சந்தேகமான இடங்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியல் போட வேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாளில் முதல் சோதனையை முடிக்க வேண்டும். செலவு மாசுபடுத்தியவருடையது. அவரால் முடியாவிட்டால் மத்திய, மாநில அரசுகள் ஏற்க வழி இருக்கிறது.

ஆனால் யாராவது சொன்னால்தானே பட்டியலில் ஏறும்? கிராம சபையில் நமக்கு ஓட்டு இல்லை, 18 வயது ஆகவில்லை. நம்ம அப்பா அம்மாவுக்கு இருக்கு. நம் ஊர்ப் பக்கம் எந்த இடம் அப்படிக் கிடக்கிறது, அங்கே முன்பு என்ன செய்தார்கள் என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வைப்போம். அடுத்த கிராம சபையில் அதை அப்பா அம்மாவைப் படிக்கச் சொல்வோம். முதல் கட்டச் சோதனையில் பாதி வேலை அதுதான். அதற்குப் பணமே வேண்டாம்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி