லாகின் உங்களுடையது, பழியும் உங்களுடையதே

டி. கல்லுப்பட்டியில் ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடித்துவிட்டு வேலை தேடுகிறீர்களா? கப்பலூர் சிட்கோ, ராஜபாளையம் மில்கள், அதைத் தாண்டினால் ஓசூர், ஸ்ரீபெரும்புதூர். எங்கே சேர்ந்தாலும் சேஃப்டி ஷூவோடு ஒரு யூசர் ஐடியும் கையில் வரும். கூடச் சேருகிறவர்கள் அதை வெறும் பாஸ்வேர்டு என்று நினைப்பார்கள். நீங்கள் இந்த ஆறு விஷயங்களைத் தெரிந்துகொண்டு போங்கள்.

1. அதென்டிகேஷன், ஆதரைசேஷன்: நீங்கள் யார் என்று சிஸ்டம் உறுதிசெய்வது முதலாவது. எதைத் தொடலாம் என்று முடிவுசெய்வது இரண்டாவது. லாகின் ஆகிறது, ஆனால் பட்டன் வேலை செய்யவில்லை என்றால் பாஸ்வேர்டை மாற்றிப் பயனில்லை, பர்மிஷன் கேளுங்கள். இன்டர்வியூவில் இந்த இரண்டையும் குழப்பினால் அங்கேயே மார்க் போச்சு.

2. ரோல்: பர்மிஷனை ஆளுக்கு ஆள் கொடுப்பதில்லை, ரோலுக்குக் கொடுப்பார்கள். பொதுவாக மெஷினின் கன்ட்ரோல் திரையான எச்.எம்.ஐ.யில் ஆபரேட்டர் மெஷினை ஓட்டலாம், நிறுத்தலாம், அலாரத்தை அக்னாலெட்ஜ் செய்யலாம். லிமிட்டை மாற்றுவது சூப்பர்வைசர். மெஷினை இயக்கும் கன்ட்ரோலரான பி.எல்.சி.யின் புரோகிராமில் கைவைப்பது இன்ஜினியர். யூசரைச் சேர்ப்பதும் நீக்குவதும் அட்மின். உங்கள் ரோலில் என்னென்ன இருக்கிறது என்று சேர்ந்த வாரமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. லீஸ்ட் பிரிவிலேஜ்: வேலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு அனுமதிதான். அட்மின் அக்சஸ் இருந்தால் கெத்து என்று நினைக்காதீர்கள். ஏதாவது தப்பு நடந்தால் முதல் சந்தேகம் உங்கள் மேல்தான். "அக்சஸ் வேணும் சார்" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். எந்த ஸ்கிரீன், எதற்கு, எத்தனை நாளைக்கு என்று மெயில் போடுங்கள். கம்பெனி நிர்வாக சாஃப்ட்வேரான எஸ்.ஏ.பி.யில் மறுப்பு வந்தால் உடனே எஸ்யூ53 என்ற கோடை அடித்து ஸ்கிரீன்ஷாட்டை இணையுங்கள். எந்த அனுமதி இல்லாமல் நின்றது என்று அது காட்டும். உங்கள் வேலையும் சீக்கிரம் முடியும்.

4. நெட்வொர்க் பிரிப்பு: 2019 செப்டம்பரில் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக நெட்வொர்க்கில் இருந்த ஒரு கம்ப்யூட்டரில் மால்வேர் புகுந்தது தெரியவந்தது. அந்த நெட்வொர்க்குக்கு இன்டர்நெட் உண்டு. கன்ட்ரோல் சிஸ்டம் தனியாகப் பிரிக்கப்பட்டிருந்ததால் அதற்குப் பாதிப்பு இல்லை என்று அணுமின் கழகம் அறிவித்தது. எச்.எம்.ஐ. பேனலின் யு.எஸ்.பி.யில் போனைச் சார்ஜ் போடுகிறவர் இந்தப் பிரிப்பைத் தன் கையாலேயே உடைக்கிறார். அந்த ஆள் நீங்களாக இருக்காதீர்கள்.

5. ஆடிட் ட்ரெயில்: யார், எப்போது, எதை எதுவாக மாற்றினார் என்ற பதிவு. கம்பெனிகளின் கணக்கு சாஃப்ட்வேரில் இது 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். நைட் ஷிஃப்டில் சீனியர் வந்து, "தம்பி, உன் லாகின்லயே அந்த லிமிட்டை மாத்திவிடு" என்பார். லாட் ரிஜெக்ட் ஆனால் காலையில் லாகில் இருப்பது உங்கள் பெயர். "அண்ணே, நீங்க உங்க லாகின்ல வாங்க, நான் பக்கத்துல நிக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். நீங்களும் அடுத்தவர் லாகினைத் தொடாதீர்கள்; அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் ஐ.டி. சட்டத்தின் 66சி பிரிவில் 3 ஆண்டு வரை சிறை.

6. அக்சஸ் நீக்கம்: ஆஸ்திரேலியாவின் மரூச்சி பகுதியில் 2000-இல், கான்ட்ராக்ட் கம்பெனியை விட்டு விலகிய ஒருவர் லேப்டாப்பும் ரேடியோ கருவியும் வைத்துக் கழிவுநீர் பம்ப்புகளைக் குழப்பினார். சுமார் 8 லட்சம் லிட்டர் சாக்கடை வெளியே ஓடியது. அவருக்கு 2 ஆண்டு சிறை. நீங்கள் வேலையை விடும்போது ரிலீவிங் லெட்டரோடு, "அக்சஸ் நீக்கப்பட்டது" என்று ஒரு மெயிலும் கேட்டு வாங்குங்கள். பிறகு அங்கே என்ன நடந்தாலும் உங்கள் பெயர் அடிபடாது.

மெஷின் ஓட்டத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். சூப்பர்வைசர் ரோலை நம்பிக் கொடுக்க நிர்வாகம் தேடுவது லாகில் சுத்தமான பெயர் உள்ளவரை. முதல் ஷிஃப்டிலிருந்தே இடத்தை விட்டு எழுந்தால் லாக்-ஆஃப் செய்துவிட்டு எழுந்திருங்கள்.