சாவி யார் கையில்? இளம் பிள்ளைகள் உள்ள வீட்டின் வாகனக் காப்பீடு





சென்ற ஆண்டு ஒரே மாதத்தில் இரண்டு குடும்பத்தார் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார்கள். முதலில் வந்தவர், சாலை விபத்தில் கணவரைப் பறிகொடுத்த ஒரு சகோதரி. இத்தா முடிந்த கையோடு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு உதவி கேட்டு வந்தார். பத்து நாள் கழித்து ஒரு தகப்பனார் வந்தார். பதினெட்டு வருடம் வெளிநாட்டில் உழைத்துக் கட்டிய வீட்டை விற்க வேண்டி வருமா என்று கலங்கிப்போய்க் கேட்டார். வக்கீல் அப்படிச் சொல்லியிருந்தாராம்.

இரண்டும் ஒரே விபத்து. அவருடைய பதினேழு வயது மகன் ஓட்டிய மோட்டார் சைக்கிள்தான் அந்தச் சகோதரியின் கணவர் மேல் மோதியது. "வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கே, செயலாளர்! ஒரு வருஷம்கூட விடாம கட்டியிருக்கேனே" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். கட்டியது உண்மைதான். ஆனால் பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் படித்ததில்லை. நம்மில் பெரும்பாலோர் படிப்பதில்லை.

இதை எழுதும் நானும் குற்றமற்றவன் அல்லன். என் மகன் பதினொன்றாம் வகுப்புப் படித்தபோது, "டியூஷன் பக்கத்துத் தெருதானே" என்று நானே சாவியை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஒன்றும் நடக்காதது அல்லாஹ்வின் கருணை. என் புத்திசாலித்தனம் அல்ல. அதனால் யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நான் தாமதமாகக் கற்றதை நீங்கள் நேரத்தோடு கற்றுக்கொள்ள வேண்டும் என்றே எழுதுகிறேன்.

புனேயில் நடந்தது

2024 மே 19ஆம் தேதி அதிகாலையில் புனே நகரின் கல்யாணி நகர்ப் பகுதியில், வேகமாக வந்த ஒரு போர்ஷே கார் மோட்டார் சைக்கிளில் மோதியது. 24 வயது மென்பொருள் பொறியாளர்கள் இருவர் இறந்தனர். காரை ஓட்டியது 17 வயதுச் சிறுவன் என்று காவல்துறை வழக்குப் பதிந்தது. முந்நூறு சொற்களில் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்பதையும் ஒரு நிபந்தனையாக வைத்து அன்றே ஜாமீன் கொடுத்ததும், நாடே கொதித்ததும் நமக்கு நினைவிருக்கும். அந்தக் காருக்கு நிரந்தரப் பதிவே செய்யப்படவில்லை என்பதும் தெரியவந்தது. பின்னர் தந்தையும் கைதானார்.

"அது பணக்காரர் வீட்டுக் கதை, நம் தெருவில் ஏது போர்ஷே?" என்று நினைக்க வேண்டாம். விரைந்து பாயும் 200 சிசி பைக், சபுராளி மாமா விடுமுறையில் வாங்கிய கார், இவையெல்லாம் நம் வாசல்களில் நிற்கின்றன. பாதிக்கப்பட்டவருக்கு எந்த வண்டி மோதினாலும் வலி ஒன்றே. சட்டமும் ஒன்றே.

சட்டம் சொல்லும் வயது

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, பொது இடத்தில் மோட்டார் வாகனம் ஓட்ட 18 வயது நிறைந்திருக்க வேண்டும். ஒரே ஒரு விலக்கு: 50 சிசிக்கு மிகாத, கியர் இல்லாத வண்டியை 16 வயதில் உரிமத்துடன் ஓட்டலாம். ஆனால் இன்று கடைகளில் விற்கும் ஸ்கூட்டர், மொபெட்டுகள் ஏறத்தாழ எல்லாமே அந்த அளவைத் தாண்டியவை. எனவே "ஸ்கூட்டிதானே" என்ற சமாதானம் செல்லாது.

2019 திருத்தத்தில் 199ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோரோ பாதுகாவலரோ வாகன உரிமையாளரோ குற்றவாளி என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். தமக்குத் தெரியாமல் நடந்தது அல்லது தடுக்க உரிய முயற்சி எடுத்தோம் என்று நிரூபிக்க வேண்டியது பெற்றோரின் பொறுப்பு. நிரூபிக்க முடியாவிட்டால் 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வாகனப் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது ஆகும்வரை உரிமம் கிடைக்காது. வளைகுடாவில் ஓட்டுநர் வேலைக்குப் போகும் கனவுள்ள பையன்களுக்கு இந்தக் கடைசித் தண்டனை எத்தனை பெரியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பாலிசி எதைத் தரும்?

வாகனக் காப்பீட்டில் இரண்டு பாகம் உண்டு.

முதலாவது, மூன்றாம் நபர் காப்பீடு. நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் உயிரிழப்பு, காயம், பொருட்சேதம் ஆகியவற்றுக்கானது. இது சட்டப்படி கட்டாயம். இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. இதன் கட்டணத்தை நிறுவனங்கள் தம் இஷ்டத்துக்கு வைப்பதில்லை. என்ஜின் அளவை வைத்து அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் முதல் வந்த விகிதப்படி, 1000 சிசி வரையுள்ள சொந்தக் காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1500 வரை 3,416, அதற்கு மேல் 7,897. இருசக்கர வாகனத்தில் 75 சிசிக்கு மேல் 150 வரை 714, 350 வரை 1,366, அதற்கு மேல் 2,804.

இரண்டாவது, சொந்தச் சேதக் காப்பீடு. நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கானது, கட்டாயமில்லை. வண்டியின் மதிப்பு, என்ஜின் அளவு, வயது, பதிவான ஊர் ஆகியவற்றைப் பொறுத்துக் கட்டணம் மாறும். விலை உயர்ந்த ஸ்போர்ட்ஸ் காருக்கு இந்தப் பாகம்தான் கழுத்தை நெரிக்கும். இரண்டையும் சேர்த்து எடுப்பதையே முழுக் காப்பீடு என்கிறோம்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்குக் காப்பீடு கேட்டால், வீட்டில் யார் யார் ஓட்டுவார்கள், அவர்களுக்கு என்ன வயது என்று முதலிலேயே கேட்பார்கள். இருபது வயதுக்குட்பட்ட பிள்ளை ஓட்டுவான் என்றால் கட்டணம் பல மடங்கு ஏறும். மகன் ஓட்டும் காரைத் தந்தை ஓட்டுவதாகச் சொல்லிக் கட்டணத்தைக் குறைப்பது இங்கிலாந்தில் மோசடியாகவே கருதப்படும்.

நம் நாட்டில் பாலிசி எடுக்கும்போது பிள்ளைகளின் வயதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அதனால் அது ஒரு பொருட்டே இல்லை என்று நினைத்துவிடுகிறோம். அங்கே கட்டணம் கட்டும்போது கேட்பதை, இங்கே விபத்து நடந்த பிறகு கேட்கிறார்கள். பாலிசியில் "ஓட்டுநர்" என்ற தலைப்பில் ஒரு பத்தி இருக்கும். விபத்து நேரத்தில் செல்லத்தக்க உரிமம் உள்ளவர் ஓட்டியிருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். பழகுநர் உரிமம் உள்ளவர் ஓட்டலாம். ஆனால் 'எல்' அட்டை, உரிமம் உள்ள பயிற்சியாளர் கூட இருப்பது போன்ற விதிகளைப் பின்பற்றியிருக்க வேண்டும். பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்குப் பாலிசி செல்லாது.

அந்தத் தகப்பனாருக்கு நேர்ந்தது

உரிமம் இல்லாதவர் ஓட்டினால் சொந்தச் சேதப் பாகத்தில் நிறுவனம் கையை விரித்துவிடும். மூன்றாம் நபர் பாகத்தில் நிலைமை வேறு. பாதிக்கப்பட்ட குடும்பம் தெருவில் நிற்கக் கூடாது என்பதற்காக, நீதிமன்றங்கள் பெரும்பாலும் "நிறுவனம் முதலில் கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கட்டும்" என்று உத்தரவிடுகின்றன. 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாக ஆராய்ந்தது. உரிமையாளர் அறிந்தே தவறு செய்தார் என்பதை நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும் என்றது. ஆனால் பதினேழு வயது மகனிடம் தந்தை சாவி கொடுத்ததை நிரூபிப்பதில் என்ன சிரமம் இருக்கப்போகிறது?

இழப்பீடு இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பி இருந்தவர்கள் ஆகியவற்றைக் கணக்கிட்டு வரும். இளம் குடும்பத் தலைவர் என்றால் தொகை பல லட்சங்களைத் தொடும். அதை வசூலிக்க வீடு, நிலம் ஜப்திக்கு வரலாம். அந்தத் தகப்பனாரைக் கலங்கடித்தது இதுதான்.

சொந்தப் பிள்ளைக்கே நேர்ந்தால்

பலருக்கும் தெரியாத இன்னொரு விஷயம். தந்தையின் பெயரிலுள்ள வண்டியை மகன் ஓட்டி, தானே சறுக்கி விழுந்து உயிரிழந்தால், மூன்றாம் நபர் காப்பீட்டில் எதுவும் கிடைக்காது. வண்டியை வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் நிற்பவர், மூன்றாம் நபர் அல்லர் என்பது நீதிமன்றங்களின் நிலை. பாலிசியோடு வரும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும், உரிமம் உள்ள பதிவு உரிமையாளருக்கே உரியது. மகனுக்கு அல்ல.

பின்னால் அமர்ந்து வரும் நண்பனுக்கும், மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால், இழப்பீடு உறுதியில்லை. ஒரு பைக்கில் மூன்று பேராகப் பெருநாள் இரவில் சுற்றும் நம் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

"இன்ஷூரன்ஸே கூடாது என்கிறார்களே?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி, நிச்சயமின்மை பெருமளவு கலந்திருப்பதால் வணிகக் காப்பீடு கூடாது என்றும், ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவுக் காப்பீடு அதற்கு மாற்று என்றும் தீர்மானித்தது. ஆனால் மூன்றாம் நபர் காப்பீடு நாட்டின் சட்டம் நம் மேல் கட்டாயமாக்கியது. நிர்ப்பந்தத்தின் அடிப்படையில் அதை எடுப்பதை ஆலிம்கள் பரவலாக அனுமதிக்கிறார்கள். முழுக் காப்பீடு பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் ஹஜ்ரத்திடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஆனால் இந்த விவாதத்துக்கு முன்பே ஒன்று இருக்கிறது. தவறுதலாக ஓர் உயிர் போனாலும், அந்தக் குடும்பத்துக்கு நஷ்டஈடும் அத்துடன் பரிகாரமும் கடமை என்று சூரத்துந் நிஸாவின் 92ஆம் வசனம் சட்டம் வகுக்கிறது. "வேண்டுமென்று செய்யவில்லையே" என்பதோடு பொறுப்பு முடிவதில்லை. அந்த நஷ்டஈட்டை உறவினர் கூட்டாகச் சுமக்கும் ஆகிலா என்ற முறையும் ஃபிக்ஹில் உண்டு. கூட்டாகச் சுமப்பது தவறியவனைத் தாங்கிப் பிடிக்க. தவறுக்கு வாசல் திறந்துவிட அல்ல. பாலிசி இருக்கிறது என்ற தைரியத்தில் சிறுவனிடம் சாவி கொடுப்பது அமானிதத்துக்கு மாறு செய்வதாகும்.

வீட்டில் இன்றே செய்ய வேண்டியவை

1. பாலிசியை எடுத்து, காலாவதித் தேதியையும் ஓட்டுநர் பத்தியையும் படியுங்கள். புது வண்டிக்கு 2018 செப்டம்பர் முதல் காருக்கு 3 ஆண்டும் இருசக்கர வாகனத்துக்கு 5 ஆண்டும் மூன்றாம் நபர் காப்பீடு சேர்ந்தே வருகிறது. சொந்தச் சேதப் பாகம் அதற்கு முன்பே முடிந்திருக்கலாம்.

2. 18 நிறையாத பிள்ளை இருந்தால் சாவியை எட்டாத இடத்தில் வையுங்கள். அத்தா வெளிநாட்டில் இருந்தால் இந்தப் பொறுப்பு அம்மாவுக்கும் நன்னாவுக்கும் உண்டு.

3. 18 நிறைந்ததும் முறைப்படி பழகுநர் உரிமமும் பிறகு நிரந்தர உரிமமும் எடுத்துக் கொடுங்கள். முதல் வண்டியே வேக வண்டியாக இருக்க வேண்டாம்.

4. உரிமம் பெற்ற மகனோ மகளோ தினமும் ஓட்டினால், அவர்களுக்கெனத் தனிநபர் விபத்துக் காப்பீடு பற்றி விசாரியுங்கள்.

5. சைலன்சரை மாற்றுவது, என்ஜினைத் திருத்துவது வேண்டாம். அனுமதியில்லாத மாற்றம் குற்றம், கிளைமுக்கும் இடையூறு.

6. விபத்து நேர்ந்தால் காயம்பட்டவரை முதலில் மருத்துவமனையில் சேருங்கள். காவல் நிலையத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் உடனே தெரிவியுங்கள். "ஓட்டியது நான்தான்" என்று தந்தை பழியை ஏற்பது பொய்ச் சாட்சி. வழக்கை இன்னும் மோசமாக்கும்.

7. பாதிக்கப்பட்ட குடும்பம் என்றால் தாமதிக்காமல் வக்கீலைப் பாருங்கள். விபத்து நடந்த 6 மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனு செய்ய வேண்டும் என்று 2022 ஏப்ரல் முதல் சட்டம் சொல்கிறது.

குடும்பத்தோடு பேச மூன்று கேள்விகள்

நம் வீட்டு வண்டியை யார் யார் ஓட்டுகிறார்கள், ஒவ்வொருவரிடமும் உரிமம் இருக்கிறதா?

நாளை நம் வண்டியால் ஓர் உயிர் போனால், அந்தக் குடும்பத்துக்கு யார் கொடுப்பார்கள்?

பிள்ளை கேட்கும்போது மறுக்க நமக்குத் தடையாக இருப்பது பாசமா, பக்கத்து வீட்டுப் பையன் ஓட்டுகிறான் என்ற கௌரவமா?

அந்தச் சகோதரியின் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டியாகிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். அந்தத் தகப்பனாரின் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அவர் இப்போது ஜும்ஆவுக்குப் பின் வாசலில் நின்று, வண்டியில் வரும் சிறுவர்களைப் பிடித்து நிறுத்தி, "அத்தாவைக் கூப்பிடு" என்கிறார். சிலர் முகம் சுளிக்கிறார்கள். அவர் விடுவதில்லை.

அல்லாஹ் நம் பிள்ளைகளையும், நம் பிள்ளைகளால் பிறர் பிள்ளைகளையும் பாதுகாப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்,
செயலாளர்