இரையின் வயிற்றில் இருப்பது என்ன?
(வளர்ப்புப் பல்லிகளுக்கு ஏற்ற பூச்சிகள் – ஒரு விலங்கியல் நோக்கு)

நாய், பூனை, வண்ண மீன் என்றிருந்த வீட்டு வளர்ப்பு இன்று பல்லி இனங்கள் வரை வந்துவிட்டது. லெப்பர்ட் கெக்கோ, பியர்டெட் டிராகன் போன்றவை சென்னை வீடுகளிலும் வளர்க்கப்படுகின்றன. முன்னதற்குப் பூச்சிகளே உணவு; பின்னதற்குப் பூச்சிகளோடு கீரையும் வேண்டும். பூச்சிக்குப் பஞ்சமில்லாத நம் டோல்கேட்டில் இரைக்கு என்ன குறை என்று எண்ணத் தோன்றும். ஆனால், பூச்சியைத் தின்னும் பல்லி, அப்பூச்சி தின்றதையும் சேர்த்தே தின்கிறது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

தெருப்பூச்சி ஏன் ஆகாது?

நம் பகுதியில் கொசு ஒழிப்புப் புகை அடிக்கப்படுகிறது. வீடுதோறும் கரப்பான் மருந்து தெளிக்கப்படுகிறது. மருந்து பட்ட பூச்சி உடனே மடிவதில்லை, தளர்ந்து ஊர்கிறது. ஆகவே, கைக்கு எளிதில் அகப்படும் பூச்சியே நஞ்சுண்ட பூச்சியாக இருக்கக்கூடும். சாக்கடைக் கரப்பானோ நோய்க்கிருமிகளையும் ஒட்டுண்ணிகளையும் சுமந்து வருவது.

இயற்கையிலேயே நஞ்சுடைய பூச்சிகளும் உண்டு. காலி மனைகளில் வளரும் எருக்கஞ்செடியில் நீலமும் மஞ்சளுமாக ஒரு வெட்டுக்கிளி காணப்படும். எருக்கம்பாலில் உள்ள, இதயத்தைத் தாக்கும் நஞ்சை அது தன் உடலில் சேர்த்துக்கொள்கிறது. மின்மினி இனங்கள் சிலவற்றில் ஒரே ஒரு பூச்சி பியர்டெட் டிராகனைக் கொல்லப் போதுமானது. பகட்டான நிறமும் ஒளியும் இயற்கை விடுக்கும் எச்சரிக்கைகள் எனலாம்.

ஏற்ற இரை எது?

இரைக்கென்றே வளர்க்கப்பட்ட சுவர்க்கோழி, பட்டுப்புழு ஆகியன நல்லவை. மாவுப்புழுவில் கொழுப்பு மிகுதி; அளவோடு தரலாம். ஆயினும் இவற்றுள் பலவற்றுக்கு ஒரு குறை உண்டு. பல்லிக்குக் கால்சியமும் பாஸ்பரசும் ஏறத்தாழ 2:1 என்ற அளவில் வேண்டும். சுவர்க்கோழியில் அது சுமார் 1:9 ஆகும். இக்குறை நீடித்தால் எலும்பிலுள்ள கால்சியம் கரைந்து, தாடை மென்மையாகி, கால்கள் வளையும்.

கைக்கொள்ள வேண்டிய முறைகள்

1. இரையாக்குவதற்கு முன் 24 முதல் 48 மணி நேரம், பூச்சிகளுக்கு நன்கு கழுவிய முருங்கைக்கீரை, கேரட் முதலியவற்றைத் தருக.

2. கொடுக்கும்போது கால்சியம் பொடியில் புரட்டுக. வைட்டமின் டி3 அளவு மீறினால் தீங்கு தரும்.

3. பல்லியின் இரு கண்களுக்கு இடையிலுள்ள அகலத்தைவிடப் பெரிய பூச்சி வேண்டா.

4. மிஞ்சிய சுவர்க்கோழிகளை இரவில் கூண்டில் விடாதீர்கள். அவை உறங்கும் பல்லியைக் கடிக்கும்.

5. பல்லியைத் தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுக; சால்மோனெல்லா கிருமி நமக்கும் பரவும்.

பச்சை இகுவானா இலையுண்ணி. அதற்குப் பூச்சி உணவன்று. 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி அதை வளர்ப்போர் அரசிடம் பதிவு செய்தல் வேண்டும். நம் நாட்டு உடும்பைப் பிடித்து வளர்ப்பதோ 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

பல்லி இரை மறுத்தாலோ, தாடை தளர்ந்தாலோ காலம் தாழ்த்தாது வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடுக. கூண்டிலுள்ள உயிர் தன் இரையைத் தானே தேர்ந்தெடுக்க இயலாது. அதற்காகத் தேர்ந்தெடுப்பவர் நாமே. ஆதலின் அறிந்து தேர்வோமாக!