குடலும் மூளையும்

தேர்வு மண்டபத்திற்குள் நுழையும்போது சிலருக்கு வயிற்றைக் கலக்கும். மனத்தில் தோன்றும் அச்சம் வயிற்றில் தெரிவது ஏன்? மூளையையும் குடலையும் வேகஸ் என்னும் நரம்பு இணைக்கிறது. அதன் வழியே செய்திகள் இரு திசைகளிலும் செல்கின்றன. ஆகவே, குடலின் நிலையும் மூளையைப் பாதிக்கக்கூடும்.

நமது பெருங்குடலில் எண்ணற்ற நுண்ணுயிரிகள் வாழ்கின்றன. கொய்யா, பப்பாளி, வாழை போன்ற பழங்களில் உள்ள நார்ச்சத்து அவற்றிற்கு உணவாகிறது. அதை நொதிக்கச் செய்து அவை சில கொழுப்பு அமிலங்களை உருவாக்குகின்றன. இவ்வமிலங்கள் குடற்சுவரை வலுப்படுத்தி, அழற்சியைக் கட்டுப்படுத்த உதவுகின்றன. பழத்தைச் சாறாக்கி வடிகட்டினால் நார்ச்சத்தின் பெரும்பகுதி வீணாகிவிடும்.

அழற்சி என்பது உடலின் தற்காப்பு. காயம்பட்ட இடம் சிவந்து வீங்குவது அதனால்தான். ஆனால், அது உடலுக்குள் நீண்ட காலம் நீடித்தால் மூளை உட்படப் பல உறுப்புகளுக்குத் தீங்கு விளையும்.

தயிரில் நன்மை தரும் நுண்ணுயிரிகள் உயிருடன் உள்ளன. 2021ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஓர் ஆய்வை வெளியிட்டது. அதில், தயிர், கிம்ச்சி போன்ற நொதித்த உணவுகளைப் பத்து வாரங்கள் மிகுதியாக உண்டவர்களின் இரத்தத்தில் அழற்சியோடு தொடர்புடைய 19 புரதங்கள் குறைந்திருந்தன. எனினும், ஆய்வில் பங்கேற்றோர் 36 பேர் மட்டுமே.

தயிர் உண்டால் தேர்வில் கூடுதல் புள்ளிகள் கிடைக்கும் என்று எந்த ஆய்வும் உறுதிப்படுத்தவில்லை. எனவே, விளம்பரங்களை அப்படியே நம்பிவிடாதீர்கள். நாளை இடைவேளையில் இனிப்புப் பானத்திற்குப் பதிலாக ஒரு கொய்யாத் துண்டைத் தேர்ந்தெடுங்கள். மதிய உணவில் சீனி சேர்க்காத தயிரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.