லாரியில் படுக்கை: அரிசி லோடு ஓட்டுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆரணி என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பட்டு. ஆனால் இங்கிருந்து கிளம்பும் பெரிய லாரிகளுக்குச் சோறு போடுவது அரிசிதான். சேலைக் கட்டு பார்சலிலும் வேனிலும் போய்விடும். அரிசி மூட்டைக்கு டாரஸ் வேண்டும். ஆரணி, களம்பூர் மில்களில் மாலையில் லோடு ஏற்றும் வண்டி, இரவெல்லாம் ஓடிச் செங்குன்றம் மண்டியிலோ பெங்களூரு யஷ்வந்த்பூரிலோ போய் நிற்கிறது. மூட்டை இறங்கும்வரை டிரைவர் ஸ்டியரிங்கில் தலைசாய்த்துத் தூங்கினால் திரும்பி வரும் ஓட்டம் ஆபத்தானது. படுக்கையைச் சொகுசுக் கணக்கில் எழுதக்கூடாது. பிரேக்குக்குச் செய்யும் செலவைப் போல அதையும் செய்யவேண்டும்.

முதலில் உங்கள் ஓட்டத்தைப் பாருங்கள். செய்யாறு, வந்தவாசி, போளூர் பக்கம் நெல் ஏற்றி இரவு வீடு திரும்பும் வண்டிக்குச் சாதாரண கேபினே போதும். வாரத்தில் பாதி இரவுகள் வெளியூரில் என்றால் படுக்கை கட்டாயம். கொச்சி போன்ற தூரத்துக்கு இரண்டு டிரைவர் போட்டால்தான் நியாயம். தொழிலாளர் சட்டம் ஒருவருக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலையைத்தான் பொதுவான வரம்பாக வைத்திருக்கிறது.

புது வண்டி வாங்குபவருக்கு என் பதில் சுருக்கமானது: கம்பெனியே பொருத்தித் தரும் ஸ்லீப்பர் கேபின். அசோக் லேலண்டின் ஏவிடிஆர், டாடா சிக்னா, ஒரகடத்தில் தயாராகும் பாரத்பென்ஸ் என எல்லாவற்றிலும் அது கிடைக்கிறது. விலை கூடும், காலி எடையும் கூடும். மூன்று ஆக்சில் லாரிக்கு 2018-இல் உயர்த்தப்பட்ட மொத்த எடை வரம்பு 28.5 டன். கேபினில் நூறு கிலோ ஏறினால், 26 கிலோ அரிசி மூட்டையில் சுமார் நான்கு குறையும். நீண்ட கேபின் லோடு பாடியிலும் ஒன்றிரண்டு அடியை எடுத்துக்கொள்ளும். அரிசி ஓட்டுபவருக்கு அது நஷ்டமில்லை. பாடி நிரம்பும் முன்பே எடை நிரம்பிவிடும். உமியும் தவிடும் ஏற்றுபவர்தான் அந்த இரண்டடிக்கு யோசிக்கவேண்டும். ஏசி பற்றி இனிப் பேரம் கிடையாது: 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரகச் சரக்கு வண்டிகளின் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்று 2023 டிசம்பரிலேயே மத்திய அரசின் அறிவிக்கை வந்துவிட்டது.

கையில் ஏற்கெனவே ஸ்லீப்பர் இல்லாத வண்டி இருப்பவர்களுக்குத்தான் குழப்பம். கேபினின் பின்சுவரை வெட்டிப் பின்னால் நீட்டலாமே என்று பலரும் கேட்கிறார்கள். நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்துப் பாடி பில்டர்களின் கைத்திறனில் எனக்குச் சந்தேகமே இல்லை. இருந்தும் இதை நான் வேண்டாம் என்றே சொல்வேன். இன்றைய கேபினை முன்னால் கவிழ்த்துத்தான் இன்ஜின் வேலை பார்க்கிறோம். கவிழ்க்கும் ஹைட்ராலிக் ஜாக்கி, பின்பக்க லாக், கேபினைத் தாங்கும் ஸ்பிரிங் எல்லாம் ஒரு குறிப்பிட்ட எடைக்குச் செய்தவை. பின்சுவர் வெறும் தகடல்ல, வண்டி மோதும்போது கூரை நசுங்காமல் பிடிப்பதில் அதற்கும் பங்குண்டு. ஏர் ஃபில்டருக்குக் காற்று இழுக்கும் குழாயும் பல வண்டிகளில் கேபினின் முதுகை ஒட்டியே நிற்கிறது. சட்டமும் இடம் தராது. ஆர்சி விவரங்கள் கம்பெனி தந்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். எஃப்சி சிக்கல், விபத்துக்குப் பின் இன்சூரன்ஸ் இழுபறி வேறு.

அதற்குப் பதில் இரண்டு வழிகள் உண்டு. வண்டி பழசாகி, ஓட்டமும் நெடுந்தூரம் என்றால், அதைக் கொடுத்துவிட்டு ஸ்லீப்பர் உள்ள செகண்ட் ஹேண்ட் வண்டி பாருங்கள். பின்சுவர் மூலைகளில் புது வெல்டிங் தெரிகிறதா என்று பாருங்கள். கேபினை ஒருமுறை கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். ஓட்டப்போகும் டிரைவரையே உள்ளே படுக்க வையுங்கள். ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் இல்லாத பலகையில் அவர் முழங்காலை மடக்கித்தான் கிடப்பார்.

வண்டியை மாற்ற வசதியில்லை என்றால், எதையும் வெட்டாமல், வண்டி நின்றபின் சீட்டுகளுக்கு இடையே போட்டு எடுக்கும் பலகை. ஓடும்போது அதை வார்போட்டுக் கட்டிவைக்க வேண்டும். சடன் பிரேக்கில் பறந்துவந்தால் டிரைவரின் பிடரியில்தான் அடிக்கும். அதன்மேல் யாரும் ஓட்டத்தில் படுக்கவும் கூடாது. மெத்தைக்கு ரெக்சினைவிடக் கெட்டிப் பருத்தித் துணி நல்லது, வியர்வையில் ஒட்டாது. ஜன்னலுக்குக் கொசுவலை போடுங்கள்.

ஃபேன் வாங்கும்போது 24 வோல்ட் என்று கேட்டு வாங்குங்கள். 12 வோல்ட் ஃபேனை இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் இழுத்தால் அது முதலில் சாகும், காலையில் ஸ்டார்ட் ஆகாது. ஏசிக்காக இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கினால் மணிக்கு ஏறத்தாழ இரண்டு லிட்டர் டீசல் போகும். மூடிய ஷெட்டுக்குள் அப்படித் தூங்குவது உயிருக்கே ஆபத்து. அந்த டீசல் காசை டிரைவர் கையில் கொடுத்தால், வழியில் ஒரு நல்ல படுக்கை கிடைக்கும். நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்குகள் சிலவற்றில் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் ‘அப்னா கர்’ என்ற பெயரில் ஓய்விடம் நடத்துகின்றன. உங்கள் ரூட்டில் அது எங்கே இருக்கிறது என்று லோடு ஏற்றும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.