கிடங்கு வெட்டும்போது கிடைக்கும் பொருள்கள்

போன ஆவணியில் பக்கத்து வளவு அண்ணை வேலிக்கு மேலால கூப்பிட்டார். "பிள்ளை, ஒருக்கா வந்து இதைப் பாரும்." தென்னங்கிடங்கு வெட்டிக்கொண்டிருந்தவர். கிடங்கின் அடியில் பச்சை நிறத்தில், வட்டமாக, பாதி மண்ணுக்குள் ஒன்று தெரிந்தது. நான் வேலியடியிலேயே நின்றுகொண்டு, போன கால்தடத்திலேயே திரும்பி வரச் சொன்னேன். 119க்கு அழைத்தோம். பொலிஸ் வந்தது, பிறகு குண்டு செயலிழக்கச் செய்யும் பிரிவு வந்தது. மறுநாள் மத்தியானம்தான் முடிவு தெரிந்தது. பழைய எண்ணெய்க் கான் ஒன்றின் மூடி! ஊர் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

நான் 7 வருடம் முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை செய்தவள். இப்போது பளையில் ஒன்றரை ஏக்கரில் மருந்தும் உரமும் இல்லாமல் தென்னை, வாழை, கொஞ்சம் மரக்கறி. இந்த இதழ் வாசிக்கிற பலர் வன்னியிலும் வடமராட்சி கிழக்கிலும் பற்றைக்காடு பிடித்த காணியைத் திருத்தத் தொடங்கியிருக்கிறீர்கள். மண்ணைப் பற்றி எழுதச் சொன்னார்கள். மண்ணுக்குள் கிடப்பதைப் பற்றி முதலில் எழுதுகிறேன்.

முகமாலை 2000 முதல் 2009 தொடக்கம் வரை முன்னரங்காக இருந்த இடம். இரண்டு பக்கமும் மிதிவெடி புதைத்தது. அதிகம் நாங்கள் எடுத்தது பி4 என்ற பாகிஸ்தான் வகை. ஏறத்தாழ 7 சென்ரிமீற்றர் அகலம், 4 சென்ரிமீற்றர் உயரம். சப்பாத்துப் பொலிஷ் டின்னைக் கொஞ்சம் உயர்த்தினால் எப்படியோ அப்படி. உள்ளே 30 கிராம் வெடிமருந்துதான். ஒரு பாதத்துக்கு அது போதும். சீனத்து டைப் 72ம் கிட்டத்தட்ட அதே அளவு, பச்சை நிறம், மேலே றப்பர் மூடி. டைப் 72இல் ஒரு பிரிவு இருக்கிறது, அதைக் கொஞ்சம் சரித்தாலே வெடிக்கும். வெளியே பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். "மேலே அமத்தினால்தானே வெடிக்கும், பக்கத்தால தூக்கினால் என்ன" என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். இயக்கம் செய்த ஜொனி 95 மரப்பெட்டிக்குள் இருக்கும். மரம் உக்கி மண்ணோடு மண்ணாகிவிட்டால் பெட்டியென்றே தெரியாது.

ஷெல் வேறு மாதிரி. 60, 81, 120 மில்லிமீற்றர் மோட்டார் ஷெல்களுக்கு மீன்வால் போலச் செட்டை இருக்கும். வால் ஒடிந்து துருப்பிடித்துப் போனால் பழைய தண்ணீர்ப் பம்பின் துண்டு போல இருக்கும். அப்படி நினைத்து இரும்புக் கடைக்குக் கொண்டுபோனவர்கள் உண்டு. 40 மில்லிமீற்றர் கிரனேட் இன்னும் மோசம். கைக்குள் அடங்கும், தலை மினுங்கும், பிள்ளைகள் விளையாட்டுச் சாமான் என்று எடுப்பார்கள்.

துருவைப் பற்றி ஒரு பிழையான நம்பிக்கை எங்கட ஊரில் ஊறிக் கிடக்கு. "இத்தனை வருசம், உக்கிச் செத்திருக்கும்." மிதிவெடியின் உடம்பு பிளாஸ்டிக். அது உக்காது. ஷெல்லில் துரு ஏறுவது வெளி இரும்பில், உள்ளே இருக்கிற மருந்தில் அல்ல. சுட்டும் வெடிக்காமல் விழுந்த ஷெல்லின் பியூஸ் எந்த நிலையில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்ல எனக்கும் முடியாது.

இனி டிடெக்டர் கதை. புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் பக்கம் தங்கம் தாண்டு கிடக்கென்று இரவில் டிடெக்டரோடு திரிகிற பெடியள் இருக்கிறார்கள். இப்ப சிலர் காணி திருத்தவும் அதை வாடகைக்குக் கேட்கிறார்கள். டிடெக்டர் "உலோகம்" என்று மட்டும்தான் சொல்லும். மோதிரமா, ஆணியா, ரவைக் கோதா, ஷெல் துண்டா என்று சொல்லாது. முகமாலையில் ஒரு சதுர மீற்றருக்குள் எத்தனையோ தடவை கத்தும். ஒவ்வொரு சத்தத்தையும் மிதிவெடி என்றே எடுத்து, தள்ளி நின்று, பக்கவாட்டில் மண்ணைச் சுரண்டிப் போவோம். வெயிலில் முகக்கவசத்துக்குள் வேர்த்துக் கொட்டும், கடைசியில் ஒரு சோடா மூடி வரும். மறுபக்கம், பி4க்குள் இருக்கிற உலோகம் மிகக் கொஞ்சம். மலிவு டிடெக்டர் அதைக் கவனிக்காமலே தாண்டிப் போகும். கத்தாத இடம் பாதுகாப்பான இடம் என்று நம்பி அலவாங்கு போட்டால் கதை முடிந்தது. மணற்பாங்கான இடங்களில் இலங்கையில் வாரியால் மண்ணை அடுக்கடுக்காக வாரி எடுக்கும் முறை வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே பொருளைப் பார்த்து அடையாளம் காண்பதை விட இடத்தைப் பார்த்து அடையாளம் காணப் பழகுங்கோ. மண் அணை, மூடின பங்கர், கிழிந்த மண்மூட்டைச் சாக்கு, முட்கம்பி, நிலத்தோடு போகிற மெல்லிய கம்பி, மாட்டு எலும்பு. சுற்றிவரத் தோட்டம் இருக்க நடுவில் ஒரு துண்டு மட்டும் பல வருசமாக வெட்டப்படாமல் கிடந்தால், ஏன் என்று ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கோ. மிதிவெடி பெரும்பாலும் வரிசையாகப் புதைப்பது. ஒன்றைக் கண்டால் அது தனியே இல்லை. மாரி வெள்ளம் அரித்து, புதைத்த இடத்தை விட்டு வேறிடத்திலும் கொண்டுபோய்ப் போடும்.

இன்னொன்று, கிடங்கு வெட்டுகிறவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது. "காணி கிளியர் பண்ணியாச்சு" என்றால் குறித்த ஆழம் வரைக்கும்தான். கையளிப்புப் பத்திரத்தில் அந்த ஆழம் எழுதியிருக்கும், வாங்கிப் பாருங்கோ. கீரைப் பாத்திக்கு அது காணும். தென்னைக்கு மூன்றடி வெட்டும்போது நீங்கள் அந்த ஆழத்தைத் தாண்டிப் போகிறீர்கள். கிணறு இறைக்கிறவர்களுக்கும் இதேதான். போர்க்காலத்தில் கிணற்றுக்குள் போட்டதெல்லாம் இன்னும் அடியில் கிடக்கிறது.

குப்பை கொளுத்துவதைப் பற்றி இயற்கை விவசாயிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் புதிதாகக் காணி திருத்துகிறவர்கள் பற்றையை வெட்டிக் குவித்து நெருப்பு வைப்பார்கள். குவியலுக்குக் கீழே ஷெல் இருந்தால் சூட்டில் வெடிக்கும். வெட்டினதை மூடாக்காகப் போடுங்கோ. எங்கட பக்கத்தில் அதற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கு.

எதையாவது கண்டால் நில்லுங்கோ. தொடவோ, கல்லெறியவோ, தண்ணீர் ஊற்றவோ, கிணற்றில் போடவோ வேண்டாம். வந்த கால்தடத்தில் திரும்பி, தள்ளி வந்து, வெளியே ஒரு தடியில் சிவப்புத் துணி கட்டி, பிள்ளைகளையும் மாட்டையும் மறித்து, பிறகு ஃபோன் எடுங்கோ. 119 அல்லது கிராம சேவையாளர். ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் ஆட்கள் உங்கள் பக்கம் வேலை செய்தால் அவர்களிடமும் சொல்லலாம். ஆருக்கும் காயம் பட்டால்கூட ஓடி உள்ளே போகாதேங்கோ. இதைச் சொல்வது சுகம், செய்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

இப்ப அண்ணையின் கதை. மூடி வந்து இரண்டு மாதம் கழித்து, ஐப்பசி மழைக்கு முதல், அதே வரிசையில் அடுத்த கிடங்கு. திரும்பவும் பச்சை. இந்த முறை அவர் என்னைக் கூப்பிடவில்லை. மண்வெட்டியில் ஏந்தி வரம்பில் வைத்துவிட்டு, வேலையை முடித்து, பின்னேரம் தேத்தண்ணி குடிக்க வரும்போதுதான் சொன்னார். "இன்னொரு மூடி பிள்ளை. திரும்பவும் பொலிசைக் கூப்பிட்டுச் சிரிப்புக்கிடமாக வேண்டாமெண்டு விட்டிட்டன்."

நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். பி4. மேல்மூடியின் வடிவம் 7 வருடம் பார்த்தது, மறக்காது. வரம்பிலிருந்து நாலடி தள்ளி அவற்றை பேரன் பந்து விளையாடிக்கொண்டிருந்தான். அவனை எப்படிக் கூப்பிட்டு எடுத்தோம் என்பது இன்னும் சரியாக நினைவில் வருவதில்லை. குரலை உயர்த்தக் கூடாது, பயந்து ஓடிவிடுவான் என்று மட்டும் நினைத்தது ஞாபகம்.

அடுத்த நாள் அதை அந்த இடத்திலேயே வெடிக்க வைத்தார்கள். சத்தம் சின்னதுதான். வரம்பில் ஒரு குழி, பக்கத்து வாழை இரண்டு கிழிந்து தொங்கியது. அண்ணை நெடுநேரம் அந்த மண்வெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். "அண்ணை, அண்டைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வரிசையைத் திரும்பப் பார்க்க எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஆட்கள் வரும்வரை அதில் மண்வெட்டி போடுவதில்லை. சிவப்புத் துணி கட்டின தடிக்கு இந்தப் பக்கம் மட்டும் அண்ணை பயறு விதைத்திருக்கிறார், நல்லா முளைச்சிருக்கு. போன கிழமை அவர் திரும்பவும் வேலிக்கு மேலால கூப்பிட்டார். இந்த முறை உடைந்த ரோச்சின் தலை. ஒருத்தரும் சிரிக்கவில்லை.